தவிட்டுப்பழப் புதர்களைப் பிடுங்க வேண்டுமா?

கேள்வி:

நீலகிரியில் ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் உள்ள எங்கள் குடும்ப நிலத்தின் மேல்பகுதியில், புல்வெளி சோலையைத் தொடும் விளிம்பில், நெஞ்சளவு உயரமுள்ள புதர்கள் பத்துப் பன்னிரண்டு நிற்கின்றன. இலைகள் தடித்து, எதிரெதிராக அமைந்து, மேலே பளபளப்பாகவும் அடியில் வெண்சாம்பல் நிறப் பஞ்சு படிந்தும் உள்ளன. ஒரே கிளையில் ஒரு பூ அடர்ந்த ரோஜா நிறத்திலும் மற்றொன்று ஏறக்குறைய வெள்ளையாகவும் இருப்பதன் காரணம் எனக்குப் புரியவில்லை. அக்கம்பக்கத்தார் இதைத் தவிட்டுப்பழம் என்கிறார்கள். ஆனால், இதே செடி புளோரிடாவிலும் ஹவாயிலும் ஆக்கிரமிப்புக் களையாகப் பரவியுள்ளது என்று அண்மையில் படித்தேன். அயல்நாட்டுக் களைகளான உண்ணிச்செடியையும் சீகை (வாட்டில்) மரக் கன்றுகளையும் அகற்றி வரும் நான், இவற்றையும் பிடுங்கிவிட வேண்டுமா?

பதில் 1:

தயவுசெய்து பிடுங்காதீர்கள். நீங்கள் விவரிப்பது தவிட்டுப்பழம் (அறிவியல் பெயர்: ரோடோமிர்டஸ் டோமென்டோசா) என்றே தோன்றுகிறது. நாவல், கொய்யா, கிராம்பு ஆகியவை அடங்கிய மிர்ட்டேசி குடும்பத்தைச் சேர்ந்த இச்செடி, தென்னிந்தியாவின் உயர்ந்த மலைகள், இலங்கை, தென்சீனா, தென்கிழக்கு ஆசியா ஆகிய நிலங்களுக்கு இயல்பாகவே உரியது. புளோரிடாவுக்கும் ஹவாய்க்கும் மனிதர்கள்தாம் அதை அழகுச் செடியாகக் கொண்டுபோனார்கள். அங்கே பறவைகள் விதையைப் பரப்ப, அது கட்டுமீறி அடர்ந்துவிட்டது. ஓர் இடத்தில் களையாக இருப்பது அதன் சொந்த மண்ணிலும் களையாகிவிடாது. இதே குடும்பத்தைச் சேர்ந்த யூக்கலிப்டஸ் இதற்கு நேர்மாறான கதை: ஆஸ்திரேலியாவுக்கு உரிய அம்மரம் 19ஆம் நூற்றாண்டில் நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டு, புல்வெளிகள் பலவற்றை மூடிவிட்டது.

இரு நிறப் பூக்களைப் பற்றிக் கவலை வேண்டாம். விரியும்போது ரோஜா நிறமாக இருக்கும் இதழ்கள் நாள் செல்லச் செல்ல வெளிறிவிடுகின்றன. வெள்ளைப் பூ என்பது முதிர்ந்த பூ.

பதில் 2:

மேலே உள்ள பதிலை ஏற்கிறேன். ஆயினும் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். அதே மலைச்சரிவுகளில் வளரும் ஆஸ்பெக்கியா, மெலஸ்டோமா செடிகளுக்கும் எதிரெதிர் இலைகளும், அடியிலிருந்து நுனிவரை நீளும் நரம்புகளும், ஊதா கலந்த ரோஜா நிறப் பூக்களும் உண்டு என்பதால், தொலைவிலிருந்து பார்ப்பவர் எளிதில் ஏமாந்துபோவார். பூவின் நடுவைப் பாருங்கள். அவ்விரண்டிலும் தடித்த மகரந்தத்தாள்கள் எண்ணிவிடக்கூடிய அளவில், பெரும்பாலும் பத்துக்குள் இருக்கும். தவிட்டுப்பழத்திலோ நாவல், கொய்யாப் பூக்களில் போல மெல்லிய இழைகள் எண்ணற்றவையாகக் கொத்தாக நிற்கும். இலையில் மூன்று முதன்மை நரம்புகள் தெளிவாகத் தெரியும். காய்த்தபின் ஐயமே இராது: கருஊதா நிறத்தில், ஒன்று அல்லது ஒன்றரைச் செண்டிமீட்டர் பருமனில், புல்லிவட்டத்தின் ஐந்து மடல்களையும் முடிபோல் தலையில் தாங்கிய பழம், உள்ளே நிறைய விதைகளுடன் இனிப்பாக இருக்கும்.

பதில் 3:

வியட்நாமின் பூ குவோக் தீவில் இப்பழத்திலிருந்து மது வடிக்கிறார்கள்; மலேசியாவில் இதற்குக் கெமுந்திங் என்று பெயர். இலையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ரோடோமிர்டோன் என்னும் பொருள், ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் போன்ற நுண்ணுயிரிகளைத் தடுப்பதை ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. அதற்காக இலையைக் கொதிக்கவைத்துக் குடிக்கலாம் என்று யாரும் முடிவு செய்துவிட வேண்டாம். ஆய்வகத் தட்டில் நிகழ்வது வேறு, மனித உடலில் நிகழ்வது வேறு.

கேள்வி கேட்டவர்:

இன்று காலை சென்று பார்த்தேன். இழைகளை எண்ண முடியவில்லை. மூன்று நரம்புகளும் தெளிவாகத் தெரிந்தன. மனம் நிறைந்த நன்றி. புதர்களை நிழலடித்து நிற்கும் சீகைக் கன்றுகளை மட்டும் அகற்றப் போகிறேன். வெறுமையாகும் இடத்தில் இதையே மேலும் பெருக்க இயலுமா?

பதில் 1:

இயலும். நன்கு பழுத்த பழத்தின் சதையைக் கழுவி நீக்கி, விதை உலர்ந்து கிடக்காமல் உடனே விதையுங்கள். நாற்றுகள் மிக மெதுவாகவே வளரும் என்பதால் பொறுமை தேவை. இச்செடி அமிலத்தன்மையுள்ள மண்ணை விரும்பும், சுண்ணாம்பு மண்ணில் தேறாது. எனவே குழியில் சுண்ணாம்பு இடும் வழக்கத்தை இங்கே கைவிடுங்கள். நல்ல வெயில் படும் இடமாக இருந்தால்தான் நிறையப் பூக்கும். சீகையை வெட்டும்போது தவிட்டுப்பழப் புதர்களைத் துணிக்கயிற்றால் அடையாளமிட்டுவிடுங்கள். வேலைக்கு வருபவர்கள் எல்லாவற்றையும் சேர்த்து வெட்டிவிடக்கூடும்.