பூல் லைட் வயர் பைப் வழியாகத் தண்ணீர் இறங்குகிறது: அடைக்க வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் உறவுகளே. பதுளை மாவட்டத்து எல்ல ஊர்ப் பக்கம், மலைச் சரிவில் கட்டிய நீச்சல் தடாகம். தண்ணீர் லைட் மட்டம் வரை இறங்கி அங்கேயே நின்றுவிடுகிறது. மோட்டாரை நிறுத்தி, லைட்டைக் கழற்றி, அது பொருந்தும் சுவர்க் குழிக்குள் இருக்கும் வயர் பைப்பின் வாயருகே சாயம் விட்டால் நூல் மாதிரி உள்ளே இழுக்கிறது.

ஜங்ஷன் பொக்ஸ் (வயர்களை இணைக்கும் பெட்டி) தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருந்தால் பைப் நிறைந்தாலும் வழியாது. இங்கே பைப் நேரே கீழேயுள்ள பம்ப் அறைக்கு இறங்குகிறது. 12 வோல்ட் ட்ரான்ஸ்போமர் பெட்டிக்குள்ளேயே சொட்டி, 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் (மின் கசிந்தால் தானாக நிறுத்துவது) விழுகிறது. இப்போதைக்கு மெயினை நிறுத்தி வைத்திருக்கிறோம். வயரின் வெட்டிய முனை காய்ந்துதான் இருக்கிறது. ஆகவே லைட்டின் சீல் போகவில்லை, வயருக்கு வெளியேதான் தண்ணீர் வருகிறது.

முன்பு பூசிய சிலிக்கன் ஈரத்தில் பிடிக்காமல் தோலாக உரிந்துவிட்டது. தண்ணீருக்குள் இறுகும் இரண்டு பாக எபொக்சி நிற்கும், ஆனால் பிறகு வயரை உருவ முடியாது. பம்ப் அறைப் பக்கத்தை மட்டும் அடைப்பது கூடவே கூடாது. பைப் மூட்டு எங்காவது விட்டிருந்தால் தண்ணீர் அணைச்சுவருக்குப் பின்னால் மண்ணில் இறங்கும். மழைக்காலத்தில் மண் சரியும் மலை இது.

25 மில்லிமீற்றர் பைப்புக்கும் 9 மில்லிமீற்றர் வயருக்கும் பொருந்தும் ரப்பர் அடைப்பான் கண்டி, பதுளை, நுவரெலியாப் பக்கம் எங்கே கிடைக்கும்? வயரைச் சுற்றி பியூட்டைல் டேப் (ஒட்டும் ரப்பர் நாடா) அடைத்தவர்கள் இருக்கிறீர்களா, எத்தனை காலம் தாங்கியது? பொக்ஸை மேலே ஏற்றி வைத்தவர்கள் வயரை எப்படி நீட்டினீர்கள்? தண்ணீருக்குள் ஜொயின்ட் போடும் யோசனை மட்டும் வேண்டாம்.