சுவர்ப் பலகை ஏன் வெளுத்தது? (குடும்பக் குழு)

கவிதா (தாம்பரே, பின்லாந்து): பெரியப்பா, ஹாலில் வெப்பத்தில் பதப்படுத்திய பைன் பலகை அடித்திருக்கிறோம் அல்லவா? இன்று போட்டோ ஃப்ரேமைக் கழற்றினால், அந்தச் சதுரம் மட்டும் காப்பிக்கொட்டை நிறத்தில் இருக்கிறது. சுற்றிலும் வெளுத்துவிட்டது. படம் பாருங்கள்.

அம்மா: ஐயோ, எவ்வளவு அழகாக இருந்தது! தண்ணீர் பட்டதா கண்ணு?

கவிதா: துளிகூட இல்லைம்மா. எதிரே மேற்குப் பார்த்த பெரிய ஜன்னல். ஜூனில் இங்கே சூரியன் மறையவே இரவு 11 மணி ஆகிவிடும்.

பெரியப்பா: வெயில்தான் காரணம். நம் தேக்கு வெளிச்சம் பட்டால் பொன்னிறமாகும். சாதாரண பைன் மஞ்சளேறும். இது நேர் எதிர். நீராவியில் 200 டிகிரி வாக்கில் சுட்டு வந்த பழுப்பு இது. வெளிச்சம் பட்டால் மெல்ல மெல்லக் கலையும்.

குமரன்: ஜன்னல் கண்ணாடி தடுக்காதா பெரியப்பா?

பெரியப்பா: புற ஊதாவில் ஒரு பகுதியைத்தான் தடுக்கும். மிச்சமும் சாதாரண வெளிச்சமும் உள்ளே வரும். மேலே என்ன பூசினாய் கவிதா?

கவிதா: நிறமில்லாத வார்னிஷ், 2 கோட்.

பெரியப்பா: அது கறை பிடிக்காமல் காக்கும், நிறத்தைக் காக்காது. மரம் தெளிவாகத் தெரிகிறதென்றால் வெளிச்சமும் அதன் வழியாகப் போகிறது என்றுதானே அர்த்தம்? நிறமி கலந்த எண்ணெய் பூசு, வெளிச்சத்தை அது மேலேயே வாங்கிக்கொள்ளும். புற ஊதாத் தடுப்பும் சேர்ந்திருந்தால் இன்னும் நல்லது. அப்போதும் வெளுப்பு தள்ளிப்போகுமே தவிர நிற்காது.

அம்மா: அப்போ பலகையை மாற்ற வேண்டுமா அத்தான்?

பெரியப்பா: வேண்டவே வேண்டாம் சாந்தி. சூடு பலகையின் நடு வரை போயிருக்கிறது. வெளுத்தது மேல்தோல் மட்டும்தான். 120 நம்பர் உப்புத்தாளால் இழை ஓடும் வாக்கில் தேய்த்தால் உள்ளே இருக்கிற பழுப்பு வந்துவிடும். தூசி ரொம்ப நைசாகப் பறக்கும், மாஸ்க் போட்டுக்கொள். தேய்த்த இடத்தை ஈரத்துணியால் துடைத்துப் பார். நிறமில்லாத எண்ணெய் பூசினால் கிட்டத்தட்ட அந்த நிறம்தான் வரும். நிறமி சேர்ந்தால் இன்னும் கொஞ்சம் மாறும்.

குமரன்: சும்மா ஒரு திரை போட்டுவிடலாமே.

கவிதா: குளிர்காலத்தில் இங்கே வெளிச்சமே கிடைக்காது குமரா. கிடைக்கிற நாளில் அதை மூட மனசு வராது. எண்ணெயே பூசுகிறேன். 2 நிறத்தில் வாங்கி, மிச்சத் துண்டில் பூசி, பாதியை அட்டையால் மூடி ஜன்னலோரம் வைத்துப் பார்க்கட்டுமா?

பெரியப்பா: அப்படியே செய். சுவரில் பூசும்போது பழைய வார்னிஷ் சுத்தமாகப் போயிருக்க வேண்டும். மிச்சம் இருந்தால் எண்ணெய் திட்டுத் திட்டாகத்தான் ஏறும்.