மைஃபோர்டு எம்எல்7 லேத்: ஸ்பின்டில் ஆட்டம், தேய்ந்த பெட். எங்கிருந்து தொடங்குவது?

சிறுபட்டறை (லெஸ்டர்)

வணக்கம். பழைய மைஃபோர்டு எம்எல்7 லேத் (கடைசல் இயந்திரம்) ஒன்று வாங்கியிருக்கிறேன். அசல் அரை எச்பி மோட்டார், டியூஹர்ஸ்ட் சுவிட்ச் (மோட்டாரை இரு திசையிலும் ஓட்டுவது), சேஞ்ச் வீல் (மரை வெட்ட மாற்றிப் போடும் பல் சக்கரங்கள்) முழு செட் எல்லாம் இருக்கின்றன. தெரிந்த குறைகள்: சக்கில் (ஸ்பின்டில் என்ற சுழல்தண்டின் முனையில் கம்பியைப் பிடிக்கும் பாகம்) நீளக் கம்பி பிடித்துத் தூக்கினால் கம்பி முனையில் டயல் கேஜ் 6 தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஆறு) காட்டுகிறது. பார்ட்டிங் டூல் (கம்பியைத் துண்டிக்கும் டூல்) போட்டால் அலறுகிறது. சேடில் (பெட் மேல் டூலைச் சுமந்து நகரும் பாகம்) ஜிப்பை (அதன் ஆட்டத்தைக் குறைக்கும் பட்டை) ஹெட்ஸ்டாக் (ஸ்பின்டில் இருக்கும் இடது முனை) பக்கம் சரியாக வைத்தால், டெயில்ஸ்டாக் (வலது முனை) பக்கம் போகும்போது பாதியிலேயே இறுகி நிற்கிறது. 5 அங்குலம் சென்டர் (கம்பியின் மறுமுனையைத் தாங்கும் கூர்முனை) இல்லாமல் கடைந்தால் வெளிமுனை 2 தவ் பருமனாக வருகிறது. மூன்று தாடை சக் கழலவே இல்லை.

பெட்டை கிரைண்டிங்குக்கு அனுப்பி, மற்றதை எல்லாம் பிரித்து பெயின்ட் அடித்து மாட்டிவிடலாமா? ஸ்பின்டிலின் வெள்ளை உலோக (மென்மையான கலவை உலோகம்) பேரிங்குக்குப் பதில் வேறு பேரிங் போட முடியுமா? இது எந்த வருஷத்து மெஷின் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஃப்ளாட்பெட்

பெயின்ட் டப்பாவை இப்போதைக்கு மூடி வையுங்கள். முதலில் அளவு எடுங்கள். பிரித்துவிட்டால் எது தேய்மானம், எது வெறும் அட்ஜஸ்ட்மென்ட் என்று பிறகு தெரியாது.

வருஷம்: எம்எல்7 1946-இல் வெளிவந்தது, நாட்டிங்ஹாம் அருகே பீஸ்டன் தொழிற்சாலையில். பெட்டின் டெயில்ஸ்டாக் பக்க முனையில் பின்புறம் துடைத்துப் பார்த்தால் வரிசை எண் இருக்கும். ‘கே’ என்றால் எம்எல்7, ‘எஸ்கே’ என்றால் சூப்பர் 7. வாங்கும்போது ‘சூப்பர் 7’ என்று சொல்லி எம்எல்7-ஐக் கொடுப்பவர்கள் உண்டு. ஸ்பின்டில் பேரிங் அமைப்பே இரண்டிலும் வேறு, அதனால் உதிரி வாங்குமுன் இது முக்கியம். பீஸ்டன் தொழிற்சாலை 2011-இல் மூடியது. பெயரையும் உதிரிப் பாகங்களையும் யார்க்‌ஷயரில் ஆர்டிஜி டூல்ஸ் வாங்கி நடத்துகிறார்கள். பேரிங், ஜிப், நட் எல்லாம் இன்றும் கிடைக்கும்.

ஸ்பின்டில் ஆட்டம்: டயலைக் கம்பி முனையில் வைத்தால் நீளம் ஆட்டத்தைப் பெரிதாக்கிக் காட்டும். சக்குக்குப் பின்னால், முன் பேரிங்கை ஒட்டி, ஸ்பின்டில் மேலேயே டயல் முள்ளை வைத்து, கம்பியை நெம்புகோலாகத் தூக்குங்கள். அதுதான் உண்மையான அளவு. ஒரு தவ் சுற்றி இருந்தால் போதும். அந்த இடைவெளியில்தான் எண்ணெய்ப் படலம் நிற்கும்.

அதற்கு மேல் இருந்தால் ஷிம் (இடைவெளி நிரப்பும் மெல்லிய தகடு) உரிக்க வேண்டும். ஒவ்வொரு பேரிங் மூடிக்கும் கீழே, இரண்டு பக்கமும், 2 தவ் ஏடுகள் ஒட்டிய ஷிம் இருக்கும். கத்தி முனையால் ஓரத்தைக் கிளப்பி ஒரு ஏட்டை உரிக்கலாம். முன்னும் பின்னும் ஒரே அளவு. ஒரு பக்கம் மட்டும் உரித்தால் மூடி சாய்ந்து உட்கார்ந்து உலோகத்தைக் கீறும். உதாரணமாக 4 தவ் ஆட்டம் என்றால் இரண்டு ஏடு உரித்தால் இடைவெளியே இல்லாமல் போகும். அப்போது 1 தவ் பித்தளைத் தகடு ஒன்றை இரண்டு பக்கமும் வெட்டி வைத்துவிடுங்கள். எந்த மூடி எந்தப் பக்கம் என்று முதலிலேயே புள்ளி போட்டு வைப்பது அவசியம். மாறினால் ஷெல் (மூடிக்குள் இருக்கும் பேரிங் ஓடு) பொருந்தாது. நெடுக்குவாட்டு ஆட்டம் வேறு. அது ஸ்பின்டிலின் இடது முனைக் காலரில் சரி செய்வது.

மூடிகள் கழன்றிருக்கும்போதே பெல்ட்டையும் மாற்றிவிடுங்கள். ஸ்பின்டிலைத் தூக்கினால்தான் முழு வளைய பெல்ட் உள்ளே போகும். பிறகு இதற்காகவே மறுபடி பிரிக்க வேண்டாம்.

வெள்ளை உலோகத்தை மாற்றும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். இந்த லேத்தின் உச்ச வேகமே 640 ஆர்பிஎம். சுத்தமான ஐஎஸ்ஓ 32 எண்ணெய், ஓடும்போது விடாமல் சொட்ட வேண்டும், அவ்வளவுதான். வேலை தொடங்குமுன் சொட்டுக் குப்பியைத் திறந்து, முடிந்ததும் மூடுங்கள். எண்ணெய் கீழே ஒழுகிப் போகும், திரும்பி வராது. அது குறையில்லை, அதன் அமைப்பே அப்படி. அரை மணி நேரம் உச்ச வேகத்தில் ஓடவிட்டு ஹெட்ஸ்டாக்கில் கை வையுங்கள். இளஞ்சூடு சரி. கையை எடுக்கத் தோன்றினால் ஷிம் குறைவு.

பீளமேடு லேத் (கோவை)

அளவு பத்தி அண்ணன் சொன்னது சரிங்க. சக்குக்கு நான் சொல்றேன், ஏன்னா இதுலதான் நிறைய பேரு மெஷினைக் கெடுத்துக்கறாங்க.

புல் வீலை (ஸ்பின்டில்ல இருக்கிற பெரிய பல் சக்கரம்) ஸ்பின்டிலோட லாக் பண்ணி, பேக் கியரையும் (வேகத்தைக் குறைக்கிற கியர்) சேர்த்துப் போட்டா ஸ்பின்டில் அசையாது. வசதியாத்தான் இருக்கும். அந்த நிலையில சக்கைத் திருகினா பேக் கியர் பல் உடையும். எம்எல்7-ல ஒரு பல் ரெண்டு பல் இல்லாத பேக் கியரைப் பாத்தீங்கன்னா காரணம் அநேகமா இதுதான். அதைச் செய்யாதீங்க.

சக் பின்னாடி இருக்கிற இடுக்குல ஊடுருவும் எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க வைங்க. காலையில சக் தாடையில தடிச்ச அறுகோணக் கம்பியைப் பிடிச்சு, இம்பாக்ட் ரெஞ்சை ரிவர்ஸ்ல போட்டுத் தட்டுங்க. ஸ்பின்டில் எடையே எதிர்ப்புக் கொடுக்கும், எதையும் பிடிக்க வேண்டாம். மேல்பக்கம் உங்களை நோக்கி வரணும், அதுதான் கழலும் திசை. நெருப்பு மட்டும் காட்டாதீங்க, பக்கத்துலயே வெள்ளை உலோகம் இருக்கு. கழண்ட பிறகு ரெண்டு பக்க மரையையும் வளைஞ்ச கம்பியால சுரண்டுங்க. அது 1⅛ அங்குலம், அங்குலத்துக்கு 12 மரை. உள்ள ஒரு சுருள் பிசிறு இருந்தாலும் சக் சாய்ஞ்சு உக்காரும்.

இன்னொண்ணு. டியூஹர்ஸ்ட் சுவிட்சுல ரிவர்ஸ் இருக்கு. மரையில மாட்டின சக்கோட சட்டுனு ரிவர்ஸ் போட்டு வெட்டினா சக் கழண்டு மடியில விழும். கரண்ட் போய்ட்டு வந்தா தானா ஓட ஆரம்பிக்கும், அதுவும் ஆபத்து. நோ-வோல்ட் ஸ்டார்ட்டர் (கரண்ட் திரும்பி வந்தாலும் தானா ஓட விடாது) ஒண்ணு முன்னாடி போடுங்க. பிற்பாடு விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாத்துற எலெக்ட்ரானிக் டிரைவ்) வச்சு மூணு பேஸ் மோட்டாருக்கு மாறினா, டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவுல இந்த சுவிட்சை வைக்கவே கூடாது. ஓடும்போது அந்த லைனைத் துண்டிச்சா டிரைவ் போயிரும்.

பெட் தேய்ஞ்சிருந்தா கிரைண்டிங்தான் நேரான வழின்னு என் கருத்து.

ஃப்ளாட்பெட்

கடைசி வரியில் எனக்கு ஒப்புதல் இல்லை. பெட்டை மட்டும் கிரைண்ட் செய்தால் வேலை முடியாது. சேடில் கீழே இறங்கும், ஏப்ரனும் (சேடிலின் முன்னால் தொங்கும் பெட்டி) கூடவே இறங்கும், அதிலுள்ள ஹாஃப் நட் லீட் ஸ்குரூவுக்கு (சேடிலை நகர்த்தும் நீளத் திருகு) நேராக இருக்காது. டெயில்ஸ்டாக் உயரமும் ஹெட்ஸ்டாக்கோடு ஒத்துப்போகாமல் போகலாம். சேடிலின் கீழ்ப்பட்டை ஷிம்களை வேறு திரும்பச் சரிசெய்ய வேண்டும். ஒன்றைத் திருத்தப்போய் நாலைத் திருத்துகிற கதை.

பெட்டில் முன்னும் பின்னுமாக இரண்டு தண்டவாளங்கள் உண்டு. பழைய எம்எல்7-இல் சேடில், முன் தண்டவாளத்தின் இரண்டு செங்குத்து முகங்களை மட்டும் பிடித்து ஓடும். அந்தக் குறுகிய பிடிதான் ஹெட்ஸ்டாக் அருகே தேய்கிறது. ஜிப் இறுகுவது அதனால். பின் தண்டவாளத்தின் வெளிப்பக்கச் செங்குத்து முகம் தொடப்படாமலே இருக்கும். சேடிலின் பின் உள்முகத்தில் கிரைண்ட் செய்த தட்டைப் பட்டை ஒன்றை ஸ்குரூவும் எபாக்சியும் போட்டுப் பொருத்தி, அந்தப் புது முகத்தில் ஓட வைக்கலாம். பழைய குறுகிய பிடி தொடாதபடி சேடிலில் 10 தவ் போல எடுத்துவிட வேண்டும். 1970களில் மைஃபோர்டே இந்த அகலப் பிடிக்கு மாறியது. வீட்டுப் பட்டறையிலேயே ஒரு மில்லிங் வசதியோடு செய்யலாம்.

முன்னதாக ஒரு சோதனை. முன் தண்டவாளத்தின் முன்முகத்திலிருந்து பின் தண்டவாளத்தின் பின்முகம் வரை, முழு அகலத்தையும் பெரிய மைக்ரோமீட்டரால் மூன்று நான்கு இடங்களில் அளங்கள். எல்லா இடத்திலும் ஒரு தவ்வுக்குள் வந்தால் அகலப் பிடி மாற்றம் போதும். ஹெட்ஸ்டாக் அருகே மட்டும் குறைந்தால் முன்முகமும் தேய்ந்திருக்கிறது. அப்போதுதான் கிரைண்டிங் பற்றி யோசிக்க வேண்டும். மேற்பரப்புக்கும் இதேபோல், தண்டவாளத்தின் தடிமனை அளங்கள்.

வெளிமுனை 2 தவ் பருமன் என்பது அநேகமாகத் தேய்மானம் இல்லை, பெட்டின் முறுக்கு. டெயில்ஸ்டாக் பக்க முன்காலை ஒரு தவ் ஷிம் வைத்து உயர்த்துங்கள். டூல் கடையும் கம்பியை நோக்கிச் சாயும், வெளிமுனை சிறுக்கும். சென்டர் இல்லாமல், நடுவில் மெலித்து இரண்டு வளையம் விட்ட கம்பியில், மெல்லிய வெட்டு எடுத்து இரண்டையும் ஒப்பிடுங்கள். முதலில் ஸ்பின்டிலைச் சரி செய்யுங்கள். ஆடுகிற ஸ்பின்டிலில் இந்தச் சோதனை பொய் சொல்லும்.

பீளமேடு லேத் (கோவை)

முழு அகலம் அளக்கறது நல்ல யோசனை, ஒத்துக்கறேன். டைம் இருந்தா அகலப் பிடிக்கே போங்க. கிராஸ் ஸ்லைடு ஸ்குரூ அங்குலத்துக்கு 10 மரை, அதோட நட் தேய்ஞ்சிருக்கும், அதை மட்டும் புதுசா போட்டாலே பேக்லாஷ் (திசை மாத்தும்போது வர்ற வெற்று ஆட்டம்) பாதி குறையும். ஸ்குரூ நடுவுல மட்டும் தேய்ஞ்சிருந்தா, ஓரத்துல புது நட் இறுகும், அதையும் பாருங்க.

பெயின்டுக்கு: பழைய பூச்சுல ஈயம் இருக்கலாம், காய்ஞ்சபடி தேய்க்காதீங்க. ஸ்ட்ரிப்பர் போட்டு ஈரமா சுரண்டுங்க. வழவழப்பான பெட் முகத்துல எமரி வேண்டாம், மண்ணெண்ணெயும் ஸ்காட்ச்-பிரைட்டும் போதும்.

சிறுபட்டறை (லெஸ்டர்)

இருவருக்கும் நன்றி. ஸ்பின்டிலின் மேலேயே அளந்ததில் 3 தவ். முழு அகலம் எங்கும் ஒரு தவ்வுக்குள்தான். ஒரு ஏடு உரித்துவிட்டு அகலப் பிடிக்குப் போகிறேன். சக் கழன்றுவிட்டது. கடைசியாக: லீட் ஸ்குரூ அங்குலத்துக்கு 8 மரை. 127 பல் சக்கரம் (அங்குலத் திருகில் மில்லிமீட்டர் மரையைத் துல்லியமாகத் தருவது) இல்லாமல் 1 மில்லிமீட்டர் மரை வெட்ட முடியுமா?

ஃப்ளாட்பெட்

21 பல் சக்கரம் ஒன்று வாங்குங்கள், மீதி உங்கள் செட்டிலேயே இருக்கும். ஸ்பின்டில் பக்கம் 21, அது ஓட்டுவது 40. அதே ஸ்டட்டில் 30, லீட் ஸ்குரூவில் 50. கணக்குப்படி 1.000125 மில்லிமீட்டர் வரும். சாதாரண நட்டுக்கு அந்த வித்தியாசம் கண்ணிலேயே படாது. ஒன்று மட்டும்: வெட்டி முடிக்கும்வரை ஹாஃப் நட்டைத் திறக்காதீர்கள். 8 மரை லீட் ஸ்குரூவின் டயல் (ஹாஃப் நட்டை எப்போது மூடுவது என்று காட்டுவது) மில்லிமீட்டர் மரைக்குப் பொருந்தாது. ஒவ்வொரு வெட்டின் முடிவிலும் டூலை வெளியே இழுத்து, ஸ்பின்டிலைக் கையால் பின்னோக்கிச் சுற்றிக் கொண்டுவர வேண்டும்.