ஏத்தத்துல மட்டும் கார் திடீர்னு நிக்குது, அரை மணி நேரம் விட்டா தானா ஸ்டார்ட் ஆகுது. உதவுங்க

தாளவாடிக்காரன்:
வணக்கமுங்க. கொஞ்சம் நீளமாயிடும், பொறுமையா படிச்சு சொல்லுங்க. வீடு தாளவாடி பக்கம். அப்பாவுக்கு வாரம் ரெண்டு நாள் சத்தியில டயாலிசிஸ், காலைல இறங்கி சாயங்காலம் ஏறி வரணும், நடுவுல திம்பம் 27 கொண்டை ஊசி வளைவு. கார் 2008 மாடல் பெட்ரோல், எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டர் இல்லாம இன்ஜெக்டர் வழியா பெட்ரோல் போறது), 1,40,000 கிமீ ஓடியிருக்கு.

இறங்கும்போது ஒண்ணும் ஆகறதில்ல. திரும்பி ஏறும்போது சில நாள், பாதி மலையில, எந்த சத்தமும் இல்லாம இன்ஜின் நின்னுடுது. செல்ஃப் நல்லா சுத்துது, ஆனா பிடிக்கவே மாட்டேங்குது. 25, 30 நிமிஷம் சும்மா நிறுத்தி வச்சா ஒரே செல்ஃப்ல ஸ்டார்ட் ஆகி வீடு வரைக்கும் வந்துடுது. ஒர்க்‌ஷாப்புல விட்டா ரெண்டு நாள் டவுனுக்குள்ள ஓட்டிப் பாத்துட்டு நல்லா தானுங்க இருக்குதுன்னு திருப்பிக் குடுத்துடறாங்க. இதுவரைக்கும் பிளக், பெட்ரோல் ஃபில்டர், போன மாசம் டேங்க்ல இருக்கற பெட்ரோல் மோட்டார் எல்லாம் மாத்தியாச்சு, அதுவே 6,000 ரூபா.

வேற வண்டியில போங்கன்னு சொல்லுவீங்க. சித்தப்பாவோட பழைய டீசல் ஜீப் இருக்கு, பிரேக் ஆயில் கசியுது, அதுல அப்பாவ வச்சு இறங்க மாட்டேன். மச்சானோட வேன்ல கிளட்ச் ஸ்லிப் ஆகுது, ஏத்தத்துல இழுக்கவே இழுக்காது. காருக்கும் வேனுக்கும் சேத்து நல்ல பேட்டரி ஒண்ணு தான், மாத்தி மாத்தி போட்டுக்கறோம். பைக்ல அப்பாவால உக்கார முடியாது.

போன வியாழன் நின்னப்ப மணி அஞ்சரை, மூடுபனி, டயாலிசிஸ் முடிச்ச அசதியில அப்பாவுக்கு நடுக்கம் வேற. மேல ஏறின லாரியோட கிளீனர் தம்பி இறங்கி வந்து பின் வீலுக்கு கல்லு வச்சுட்டுப் போனாரு. அதான் இங்க கேக்கறேன்.

மலைப்பாதை:
இப்ப வர்ற இ20 பெட்ரோல் (20 சதவீதம் எத்தனால் கலந்தது) தாங்க காரணம். சூட்டுல ஆவியாகி லைன்ல காத்து அடைச்சுக்கும். ஆறினா சரியாயிடும்.

டூல்பாக்ஸ்:
மலைப்பாதை அண்ணா, அது கார்புரேட்டர் வண்டிக்கு சரி. இது டேங்க்குக்குள்ள மோட்டார் இருக்கற வண்டி, லைன்லயே கிட்டத்தட்ட 3 பார் பிரஷர் நிக்கும், ஆவி அடைக்கறது ரொம்ப அபூர்வம்.

தாளவாடி அண்ணா, நிக்கறதுக்கு முன்னாடி இழுவை குறையுதா, குலுக்குதா? இல்ல சாவிய திருப்பி ஆஃப் பண்ணின மாதிரி சட்டுனு நிக்குதா? ஆர்பிஎம் முள்ளு இருக்கற மீட்டரா? செக் இன்ஜின் லைட் எரியுதா?

தாளவாடிக்காரன்:
சாவிய திருப்பின மாதிரியே தானுங்க, குலுக்கல் ஒண்ணும் இல்ல. முள்ளு இருக்கு. லைட் எரியல, ஸ்கேனர் போட்டும் ஃபால்ட் கோடு (கோளாற காட்டற நம்பர்) எதுவும் வரல. பேட்டரி மாத்தி மாத்தி போடறதால டெர்மினல் லூசா இருக்குமோன்னு ஒரு சந்தேகம்.

டூல்பாக்ஸ்:
டெர்மினல் லூசுன்னா செல்ஃபும் திணறும், டேஷ்போர்டு லைட்டும் மங்கும். உங்களுக்கு செல்ஃப் நல்லா சுத்துது. இருந்தாலும் கிளாம்ப்ப சுத்தம் பண்ணி இறுக்கிடுங்க. அப்புறம் ஒண்ணு, பேட்டரிய கழட்டும்போதெல்லாம் இசிஎம்ல (இன்ஜின கட்டுப்படுத்தற கம்ப்யூட்டர்) இருக்கற கோடு அழிஞ்சுடும், ஸ்கேனர்ல ஒண்ணும் வராததுக்கு அதுவும் காரணமா இருக்கலாம்.

பெட்ரோல் இல்லாம நிக்கற வண்டி பெரும்பாலும் கொஞ்சம் இழுத்துப் பறிச்சுட்டு தான் நிக்கும். சட்டுனு நிக்குதுன்னா எனக்கு கிராங்க் சென்சார் (இன்ஜின் சுத்தறத இசிஎம்முக்கு சொல்ற சென்சார்) மேல தான் சந்தேகம். உள்ள இருக்கற மெல்லிசு காயில் கம்பி சூட்டுல விரிஞ்சு விட்டுக்கும், ஆறினா திரும்ப ஒட்டிக்கும். மலையில செகண்ட் கியர்ல மெதுவா ஏறும்போது இன்ஜின் சூடு அதிகம், காத்தோட்டம் கம்மி, அதனால தான் டவுன்ல ஓட்டிப் பாத்தவங்களுக்கு வரல. அந்த சிக்னல் போச்சுன்னா இன்ஜின் சுத்தறதே இசிஎம்முக்கு தெரியாது, ஸ்பார்க்கையும் நிறுத்திடும் பெட்ரோல் மோட்டாரையும் நிறுத்திடும். நீங்க சொன்னத வச்சு பெட்ரோல் வரலைன்னு நினைச்சு மோட்டார் தான் போச்சுன்னு முடிவு பண்ணியிருப்பாங்கன்னு நினைக்கறேன்.

இனி எதையும் மாத்தாதீங்க. அடுத்த தடவ நின்ன உடனே, ஆறவிடாம, ரெண்டு விஷயம் பாருங்க. சாவிய ஆன் பண்ணினா பின் சீட்டுக்கடியில ரெண்டு செகண்ட் ம்ம்ம்னு சத்தம் வருதா? செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள்ளு கொஞ்சமாவது அசையுதா? சத்தம் வந்து முள்ளு அசையலைன்னா ஈரத்துணிய சென்சார் மேல அஞ்சு நிமிஷம் போட்டு வைங்க. சில வண்டியில கிராங்க் புல்லி பக்கம் இருக்கும், சிலதுல கியர்பாக்ஸ் சேர்ற இடத்துல, முன்னாடியே பாத்து வச்சுக்கோங்க. சைலன்சர் பைப் மேல தண்ணி ஊத்திடாதீங்க.

ஈரோட்டுக்காரி:
அண்ணா, அப்பாவ வச்சுட்டு டெஸ்ட் பண்ணாதீங்க, தனியா ஒரு தடவ பகல்லயே ஏறிப் பாருங்க. இன்ஜின் நின்னா ரெண்டு மூணு மிதியில பிரேக் பெடல் கல்லு மாதிரி ஆயிடும், ஸ்டியரிங்கும் கனமாயிடும், விட்டு விட்டு மிதிக்காம ஒரே அழுத்தா மிதிச்சு ஹேண்ட்பிரேக்க போட்டுடுங்க. டிக்கியில ரெண்டு மரக்கட்டை எப்பவும் இருக்கட்டும்.

தாளவாடிக்காரன்:
ஞாயித்துக்கிழமை மதியம் மச்சானும் நானும் மட்டும் போனோம். முதல் தடவ ஏறினதுல ஒண்ணும் ஆகல, திரும்ப பண்ணாரிக்கு இறங்கி ஏசிய போட்டுட்டு ஏறினோம், பாதி மலையில நின்னுடுச்சு. பின்னாடி சத்தம் வந்துது. முள்ளு பூஜ்யத்த விட்டு அசையவே இல்ல. மச்சான் துண்ட நனைச்சு சென்சார் மேல சுத்தி வச்சாரு, ஆறு நிமிஷத்துல முள்ளு துள்ளுச்சு, வண்டி ஸ்டார்ட் ஆயிடுச்சு! ரோட்டு ஓரத்துல நின்னு கண்ணு கலங்கிடுச்சுங்க. நாலு மாசமா இதுக்கு தான் பயந்துட்டு இருந்தேன்.

டூல்பாக்ஸ்:
ரொம்ப சந்தோஷம் அண்ணா. சென்சார் மாத்தும்போது வயர் சாக்கெட்டையும் பாருங்க, ஆயில் இறங்கியிருந்தாலோ பச்சை பிடிச்சிருந்தாலோ புது சென்சார் போட்டும் அதே தொல்லை வரும். பழசு ரெண்டு வயர் சென்சார்னா ஹேர் ட்ரையர்ல சூடு பண்ணி மீட்டர்ல ஓம் பாருங்க, மூணு வயர்னா இந்த டெஸ்ட் செல்லாது.

தாளவாடிக்காரன்:
மாத்தி மூணு வாரம் ஆச்சு, அப்பாவோட ஆறு ட்ரிப், ஒரு தடவ கூட நிக்கல. சென்சார் 1,450 ரூபா தான். பழசு ரெண்டு வயர், குளிர்ல 540 ஓம் காட்டுச்சு, ட்ரையர் பிடிச்சதும் ஓஎல் (உள்ள கம்பி விட்டுப் போச்சுன்னு அர்த்தம்), மூணு தடவ செஞ்சும் அதே தான். அப்பா உங்க எல்லாருக்கும் நன்றி சொல்லச் சொன்னாரு.

காருக்கு ஒண்ணுன்னா கைக்கு ஒரு வண்டி வேணும்ல, ஜீப்பையும் சரி பண்ணிடலாம்னு இருக்கேன். பிரேக்குக்கு மாஸ்டர் சிலிண்டர் கிட் மட்டும் போதுமா?

ஈரோட்டுக்காரி:
நாலு டிரம்மையும் கழட்டி வீல் சிலிண்டர் ரப்பர் பூட்ட லேசா விலக்கிப் பாருங்க அண்ணா. உள்ள ஈரம் இருந்தா அதையும் சேத்து மாத்துங்க, ஆயில் லைனிங்ல பட்டிருந்தா லைனிங்கும் போடணும். அது முடியற வரைக்கும் ஜீப்ப திம்பத்துல இறக்காதீங்க.