பாப்லோ டோரே: நிருபரா, வித்தை காட்டுபவரா?

கரிசல்காத்து:
அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக. 2025 செப்டம்பரில் அமெரிக்க விளையாட்டு நிருபர் பாப்லோ டோரே தன் பாட்காஸ்டில் ஒரு குண்டைப் போட்டார். ஆஸ்பிரேஷன் என்ற கம்பெனி கிளிப்பர்ஸ் அணி வீரர் கவாய் லெனர்டுக்கு 2.8 கோடி டாலர் விளம்பர ஒப்பந்தம் கொடுத்ததாம்; அவர் ஒரு விளம்பரத்திலும் தலைகாட்டவில்லையாம். அதே கம்பெனியில் 5 கோடி டாலர் போட்டவர் அணியின் முதலாளி ஸ்டீவ் பால்மர். ஓர் அணி வீரர்களுக்கு மொத்தமாக இவ்வளவுதான் கொடுக்கலாம் என்று லீக் வைத்திருக்கும் சம்பள உச்சவரம்பைச் சுற்றிக்கொண்டு கொல்லைப்புறமாகப் போன பணமா என்பதுதான் சந்தேகம். அணி அடியோடு மறுக்கிறது. எனக்கு உறுத்துவது வேறு. இவ்வளவு பெரிய செய்தியை, எதிரே உட்கார்ந்த நண்பர்கள் வாயைப் பிளக்கப் பிளக்க, காகிதம் காகிதமாக உருவிக் காட்ட வேண்டுமா?

தாமிரபரணி:
அண்ணே, காகிதம் உண்மையா இல்லையா, அதைச் சொல்லுங்க. அந்தக் கம்பெனி 2025 மார்ச்சில் திவால் மனு போட்டது. கடன் பட்டியலில் 'கேஎல்2 ஆஸ்பயர்' என்ற பெயருக்கு 70 லட்சம் டாலர் பாக்கி. கேஎல் அவருடைய முதலெழுத்துகள், 2 அவருடைய சட்டை எண். யார் வேண்டுமானாலும் படித்திருக்கலாம். படித்துவிட்டுத் தோண்டியவர் இவர்.

கரிசல்காத்து:
தோண்டினார், சரி. 'உச்சவரம்பை ஏய்க்கத்தான் இது' என்று சொன்னது ஆஸ்பிரேஷனின் பெயர் வெளியிடாத ஒரு முன்னாள் ஊழியர். அதற்கு இத்தனை பில்டப். பால்மரோ தானே அந்தக் கம்பெனியிடம் ஏமாந்ததாகச் சொல்கிறார். அதன் இணை நிறுவனர் மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொள்ள முன்வந்தவர். அப்போது பால்மர் சொல்வதும் நம்பும்படியாகத்தானே இருக்கிறது?

வெட்டிப்பேச்சு:
பழைய கணக்கு ஒன்றும் இருக்கு. 2009இல் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் இதழில் டோரே எழுதிய கட்டுரை: ஓய்வு பெற்ற இரண்டே ஆண்டில் என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்து லீக்) வீரர்களில் 78 சதவீதம் பேர் திவால் அல்லது பண நெருக்கடி. உலகமே அதை மேற்கோள் காட்டியது. 2015இல் பொருளாதார ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்தால், 12 ஆண்டில் திவால் மனு போட்டவர்கள் ஏறக்குறைய 16 சதவீதம்!

தாமிரபரணி:
நீங்களே எழுதியதை இன்னொரு முறை படிங்க. 'அல்லது பண நெருக்கடி'. ஆய்வு எண்ணியது நீதிமன்றத்துக்குப் போனவர்களை மட்டும். நெருக்கடியில் இருக்கிற எல்லாரும் மனு போடுவதில்லை. ஆனால் அந்த 78 எங்கிருந்து வந்தது என்று கட்டுரை தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. தகவல் சரிபார்ப்பவராக அங்கே வேலையைத் தொடங்கியவர் அவர்.

மாடிப்படி:
ஒரு கதையை வைத்தே எல்லாரும் அடித்துக்கொள்கிறீர்கள். 2025 ஜூனில் இன்னொரு விளையாட்டு நிருபர் மைக் ஃப்ளோரியோவோடு சேர்ந்து 61 பக்கத் தீர்ப்பு ஒன்றை வெளியே கொண்டுவந்தாரே. என்எஃப்எல் நிர்வாகம், வீரர்களுக்கு ஒப்பந்தத்தில் உறுதியளிக்கும் தொகையைக் குறைக்கச் சொல்லி அணிகளைத் தூண்டியது என்று வழக்கை விசாரித்த நடுவர் எழுதியிருந்தார். அணிகள் கூட்டுச் சேர்ந்ததற்கு ஆதாரம் போதாது என்றும் எழுதியிருந்தார். கொடுமை என்னவென்றால், அதை ஒளித்துவைத்ததில் வீரர்களின் சங்கமும் கூட்டு. அடுத்த மாதமே சங்கத்தின் நிர்வாக இயக்குநர் லாய்ட் ஹவல் பதவி விலகினார். இது வித்தையா?

கரிசல்காத்து:
அது நல்ல வேலை. அதே நிகழ்ச்சிதான் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் பில் பெலிசிக்கின் காதலி பற்றியும் மணிக்கணக்கில் பேசியது. ஒரே கடையில் இரண்டும் விற்றால் எதை நம்பி வாங்குவது?

தாமிரபரணி:
பெலிசிக் விஷயம் எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் பால்மருக்காக வாதாட, டல்லஸ் என்பிஏ அணியின் முன்னாள் முதலாளி மார்க் க்யூபன் அதே நிகழ்ச்சிக்கே வந்து மல்லுக்கட்டினார். செய்தித்தாளில் ஒரு வரி மறுப்போடு முடிந்திருக்கும். என்பிஏ வெளிச் சட்ட நிறுவனத்தை வைத்து விசாரிக்கத் தொடங்கியதும் இந்தப் பாட்காஸ்டுக்குப் பிறகுதான்.

கரிசல்காத்து:
விசாரணை தொடங்கியதே குற்றம் நடந்ததற்குச் சாட்சி ஆகாது, தம்பி. என்பிஏவின் மின்னசோட்டா அணி தன் வீரர் ஜோ ஸ்மித்துக்கு ரகசிய ஒப்பந்தம் போட்டு 2000இல் மாட்டியபோது எழுத்தில் ஆதாரம் இருந்தது. பால்மர் கையெழுத்தோடு அப்படி ஒரு தாளை டோரே காட்டட்டும், நானே சந்தா கட்டுகிறேன்.