வீட்டுச் சில்லறை வேலைக்கு கார்ட்லெஸ் ஸ்க்ரூடிரைவர்: 3.6 வோல்ட் போதுமா, 12 வோல்ட் வேண்டுமா?

குழித்துறைக்காரன் (கேள்வி)

வீட்டில் 13 மி.மீ. இம்பாக்ட் டிரில் மெஷின் ஒன்று இருக்கிறது. சுவரில் ஓட்டை போட அது போதும். இப்போது ஸ்க்ரூ முடுக்கவும் கழற்றவும் மட்டும் சின்னதாக ஒரு கார்ட்லெஸ் வாங்க வேண்டும்.

வேலை என்று பார்த்தால், அடுக்களை அலமாரிக் கதவுகளின் ஆட்டோ ஹிஞ்ச் (உள்ளே மறைந்திருக்கும் ஸ்பிரிங் கீல்) அடிக்கடி தளர்ந்து கதவு தொங்குகிறது (பிளைவுட் பெட்டி, சில இடத்தில் ரப்பர் மரம்). சன்னல்கள் பழைய பிலா மரம், பித்தளைக் கீலும் கொக்கியும் மாற்ற வேண்டும். இவை தவிர கர்ட்டன் ராடு, சுவிட்ச் போர்டு மூடி, மிக்ஸியின் அடித்தட்டு.

மார்த்தாண்டம் கடைகளில் 3.6, 4, 12 வோல்ட் என்று மூன்றும் காட்டுகிறார்கள். ஆன்லைனில் டார்க் (திருகும் பலம்) எண்ணை ஆளுக்கொன்றாகப் போட்டிருக்கிறார்கள். மூவாயிரம் ரூபாய்க்குள் முடிந்தால் நல்லது. அம்மாவும் கையாள வேண்டியிருக்கும், அதனால் கனம் கூடாது. எதைப் பார்த்து வாங்குவது?

ஆசாரிப்பட்டறை, தக்கலை

முதலில் அந்த வோல்ட் குழப்பம். 3.6-ம் 4-ம் ஒரே சாமான்தான். இரண்டுக்குள்ளும் இருப்பது ஒற்றை லித்தியம் செல். அதன் சராசரி அழுத்தம் 3.6, முழு சார்ஜில் 4.2. சில கம்பெனிகள் 3.6 என்று அச்சடிக்கும், சில 4 என்று அச்சடிக்கும். 12 வோல்ட் என்பதும் அதேபோல் மூன்று செல் வரிசையாகப் போட்டது, சில இடத்தில் 10.8 என்று இருக்கும். ஆகவே உங்கள் முன்னால் இருப்பவை இரண்டே வகை: ஒரு செல், மூன்று செல்.

ஒரு செல் வகையில் நல்லவை 4, 5 நியூட்டன் மீட்டர் டார்க் தரும், நிமிடத்துக்கு 200 முதல் 360 சுற்று வரை ஓடும். மூன்று செல் வகையில் 20 முதல் 30 நியூட்டன் மீட்டர் வரும். இங்கே ஒன்றைக் கவனியுங்கள்: டார்க்கில் ‘ஹார்ட்’, ‘சாஃப்ட்’ என்று இரண்டு அளவு உண்டு. இரும்பில் ஸ்க்ரூ சட்டென்று முட்டி நிற்கும்போது வருவது ஹார்ட். மரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக இறுகும்போது வருவது சாஃப்ட், கிட்டத்தட்ட அதில் பாதிதான். அட்டைப் பெட்டியில் பெரிதாகப் போடுவது ஹார்ட் அளவை. மர வேலைக்கு 5 என்று போட்டதை இரண்டரை என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். கைக்கு அடங்கும் 4 வோல்ட் மெஷினில் 50, 100 என்று யாராவது போட்டிருந்தால் அதைத் தொடவே வேண்டாம்.

அந்த இரண்டரையை வைத்து உங்கள் வேலையைச் செய்ய முடியுமா என்றால், முடியும். ஆனால் முன்துளை போட்டே தீர வேண்டும். நம்ம பக்கத்து பிலா, அயனி, தேக்கு எதுவும் துளை இல்லாமல் ஸ்க்ரூவை உள்ளே விடாது. விட்டாலும் மரம் வெடிக்கும், இல்லையென்றால் ஸ்க்ரூவின் தலை போகும். 6 நம்பர் ஸ்க்ரூ (3.5 மி.மீ. தடிமன்) என்றால் இந்த மரங்களில் 2.5 மி.மீ. துளை. 8 நம்பர் (4.2 மி.மீ.) என்றால் 3 மி.மீ. துளை. ரப்பர் மரம் அவ்வளவு கடினமில்லை, 8 நம்பருக்கு 2.5 போதும். ஆனால் ஓரத்தில் போடும்போது அதுவும் கீறும், துளை இல்லாமல் போடாதீர்கள். உங்கள் பெரிய டிரில்லில் ஹாமரை அணைத்துவிட்டு இந்தத் துளைகளைப் போட்டுக்கொள்ளலாம். சின்ன ஸ்க்ரூடிரைவரிலும் அறுகோணக் காம்புள்ள டிரில் பிட் மாட்டலாம். ஆனால் 300 சுற்றில் பிலா மரத்தைத் துளைப்பது நேர விரயம், செல்லும் சூடாகும்.

மெழுகுவர்த்தியில் ஒரு தடவை உரசிய ஸ்க்ரூ துளைக்குள் குறைந்த பலத்திலேயே இறங்கும். சோப்பு தேய்க்க வேண்டாம். அது ஈரத்தை இழுத்து வைத்து இரும்பு ஸ்க்ரூவைத் துருவேற்றும்.

எல்லை எங்கே என்றால், வாசல் கதவு. 5 அங்குலக் கீலுக்கு 10 நம்பர், 50 மி.மீ. ஸ்க்ரூ போடுவார்கள். அயனி நிலையில் 3.5 மி.மீ. துளை போட்டாலும் ஒரு செல் மெஷின் பாதியில் நின்றுவிடும். அங்கே 12 வோல்ட் வேண்டும். வருடத்துக்கு ஒரு தடவை வரும் அந்த வேலைக்காக அதை வாங்குவதைவிட, கடைசி அரை அங்குலத்தை நல்ல கைத் திருப்புளியால் முடுக்குவதே என் கணக்கு. மெஷின் நின்றுவிட்டால் பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள். நின்ற மோட்டார்தான் மிக அதிகக் கரண்டை இழுக்கும். சில வினாடியில் செல்லும் மோட்டாரும் கொதிக்கும். கையை எடுத்துவிட்டு ஸ்க்ரூவைப் பின்னால் அரைச் சுற்று திருப்பி மறுபடி விடுங்கள்.

பாறசாலை ஹார்டுவேர்

மேலே சொன்னது சரி. வாங்கும்போது பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன், டார்க்கைவிட இவைதான் முக்கியம்.

கிளட்ச் வளையம் உள்ளதை வாங்குங்கள். 5, 6 படி இருந்தால் போதும். முதல் படியில் வைத்தால் குறிப்பிட்ட இறுக்கம் வந்ததும் டக்டக் என்று வழுக்கி நிற்கும். கிளட்ச் இல்லாத மெஷின் சுவிட்ச் மூடியை உடைக்கும், ஆட்டோ ஹிஞ்சின் மரையைத் தின்னும்.

அடுத்தது ஸ்பிண்டில் லாக். மெஷின் ஓடாதபோது பிட்டைக் கையால் பிடித்துக்கொண்டு உடலைத் திருப்பிப் பாருங்கள். பிட் அசையாமல் பூட்டிக்கொண்டால் கடைசிச் சுற்றை அதையே கைத் திருப்புளியாக வைத்து முடுக்கலாம். நீங்கள் சொன்ன பிலா மரச் சன்னலுக்கு இது இல்லாமல் முடியாது. கடையிலேயே ஒரு பிளைவுட் துண்டில் 6 நம்பர் ஸ்க்ரூவை முழுக்க இறக்கிக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். பிட் தலையில் ஆட்டம் தெரிந்தால் வேறு பீஸ் கேளுங்கள்.

சார்ஜிங் வாய் டைப்-சி ஆக இருந்தால் செல்போன் வயரையே பயன்படுத்தலாம் என்று நினைப்போம். மலிவு மெஷின்களில் ஒரு சிக்கல் வரும். இரண்டு முனையும் டைப்-சி ஆன வயரில் போட்டால் சார்ஜே ஏறாது. அந்த வாய்க்குள் வைக்க வேண்டிய 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர்களை மிச்சம் பிடிக்கிறார்கள், சார்ஜருக்கு மறுமுனையில் ஒரு சாமான் இருப்பதே தெரியாது. மெஷின் கெட்டுவிட்டது என்று திரும்பக் கொண்டுவருகிறார்கள். பழைய அகல யூ.எஸ்.பி. முனை கொண்ட வயரில் போட்டால் ஏறிவிடும். அந்த வயரைப் பத்திரமாக வையுங்கள்.

நிக்கல் காட்மியம் பேட்டரி போட்ட 4.8 வோல்ட் பழைய சரக்கு இன்னும் சில கடையில் கிடக்கிறது. விலை குறைவு என்று எடுக்காதீர்கள். சும்மா வைத்தாலே சார்ஜ் இறங்கிவிடும், தேவைப்படும் நாளில் ஓடாது. இம்பாக்ட் டிரைவர் என்று ஒன்றைக் காட்டி இது இன்னும் பலம் என்பார்கள். 100 நியூட்டன் மீட்டருக்குப் போகும் சாமான் அது, 16 மி.மீ. ஸ்க்ரூவுக்கு அதை நீட்டினால் பிளைவுட்தான் போகும்.

பிட் பெட்டி: 32, 64 என்று எண்ணிக்கை காட்டும் பெட்டிகள் வேண்டாம். எஸ்-2 என்ற கடின எஃகில் பி.எச்.1 ஒன்று, பி.எச்.2 இரண்டு, பி.இசட்.2 இரண்டு, தட்டை முனை 5.5 மி.மீ. ஒன்று வாங்கினால் வீட்டு வேலை முடியும். தட்டை தவிர மற்றதெல்லாம் நாம் ஸ்டார் என்று சொல்வதுதான், ஆனால் பி.எச். (பிலிப்ஸ்), பி.இசட். (போசிடிரைவ்) இரண்டும் ஒன்றல்ல. ஸ்க்ரூ தலையில் கூட்டல் குறிக்கு நடுவே குறுக்காக நான்கு மெல்லிய கோடு தெரிந்தால் அது பி.இசட். ஆட்டோ ஹிஞ்ச் ஸ்க்ரூக்களில் இதுதான் அதிகம். அதில் பி.எச். முனையை வைத்தால் மேலேறித் துள்ளி, தலை வழுவழுவென்று ஆகிவிடும். பிட் போனது என்று பலர் நினைப்பது உண்மையில் பொருந்தாத பிட்.

குழித்துறைக்காரன்

ரொம்ப நன்றி அண்ணாச்சி, இருவருக்கும். ஒரு செல் வகை என்று முடிவு செய்துவிட்டேன். இரண்டு சந்தேகம். காந்த முனை உள்ளது வேண்டுமா? பித்தளை ஸ்க்ரூவை மெஷினில் முடுக்கலாமா? சன்னலுக்கு எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) போடலாமா, பித்தளையே போடவா என்றும் தெரியவில்லை.

ஆசாரிப்பட்டறை, தக்கலை

காந்தம் இருக்கட்டும், ஆனால் உங்கள் சன்னலுக்கு அது உதவாது. பித்தளையைக் காந்தம் பிடிக்காது. கடையில் கிடைக்கும் 304 எஸ்.எஸ். ஸ்க்ரூவும் பிடிக்காது, அல்லது பிடித்தும் பிடிக்காமலும் நிற்கும். ஸ்க்ரூ தலையை மூடிப் பிடிக்கும் உறை போட்ட பிட் ஹோல்டர் தனியாகக் கிடைக்கும், அதை வாங்குங்கள். அவசரத்துக்கு பிட் முனையில் துளி மெழுகு ஒட்டினாலும் ஸ்க்ரூ நிற்கும்.

பித்தளைக் கீலுக்கு சாதா இரும்பு ஸ்க்ரூ மட்டும் போடாதீர்கள். பெரிய பித்தளைத் தகடும் சின்ன இரும்பு ஸ்க்ரூவும் ஈரத்தில் ஒட்டியிருந்தால் இரும்புதான் அரிபடும், அதுவும் வேகமாக. இங்கே தென்மேற்கு மழையும் உண்டு, வடகிழக்கு மழையும் உண்டு, சன்னல் காய்வதே கொஞ்ச மாதம்தான். பித்தளையோ 304 எஸ்.எஸ்.ஸோ போடலாம். குளச்சல், தேங்காய்ப்பட்டணம் போல உப்புக் காற்று படும் வீடு என்றால் 316 கேட்டுப் பாருங்கள்.

பித்தளை ஸ்க்ரூ மென்மையான உலோகம், கடின மரத்தில் கழுத்தோடு முறியும். முறிந்தால் உள்ளே இருக்கும் துண்டை எடுப்பது பெரும் பாடு. அதனால் துளை போட்டதும் அதே நம்பர், அதே நீளத்தில் ஒரு இரும்பு ஸ்க்ரூவை மெஷினால் முழுக்க இறக்கிக் கழற்றுங்கள். மரத்தில் மரை விழுந்துவிடும். பிறகு மெழுகு தடவிய பித்தளை ஸ்க்ரூவைக் கையால் போடுங்கள். தட்டை வெட்டுத் தலை என்றால் மெஷின் வேண்டவே வேண்டாம், முனை பக்கவாட்டில் நழுவிக் கீலையும் மரத்தையும் கீறும்.

அலமாரிக் கதவு தொங்குவதற்கு ஸ்க்ரூவை மேலும் முடுக்குவது மருந்தல்ல. பிளைவுட்டில் துளை தேய்ந்துபோயிருக்கும். ஸ்க்ரூவைக் கழற்றி, துளையில் பெவிகால் விட்டு, மருந்துத் தலையை ஒடித்த தீக்குச்சிகளை இறுக்கமாகச் செருகி, மட்டமாக வெட்டுங்கள். மழைக்காலத்தில் ஒரு முழு நாள் காயவிடுங்கள். பிறகு நடுவில் 2 மி.மீ. துளை போட்டு அதே 16 மி.மீ. ஸ்க்ரூவை கிளட்ச் 2-இல் வைத்து முடுக்குங்கள். பிடி போதவில்லை என்று 25 மி.மீ. போட்டால் 18 மி.மீ. பலகையின் மறுபக்கம் கூர் வெளியே வரும். ஹிஞ்சின் கையில் இருக்கும் பக்கவாட்டு, ஆழம் சரிசெய்யும் ஸ்க்ரூக்களில் மெஷினை வைக்கவே கூடாது. அவற்றைக் கால் சுற்று, அரைச் சுற்றாகக் கையால்தான் திருப்ப வேண்டும்.

வயர்மேன், களியக்காவிளை

சுவிட்ச் போர்டு பற்றி யாரும் சொல்லவில்லை. இந்த மெஷின்களுக்கு மின்காப்பு கிடையாது, பிட்டும் அதன் தலையும் வெறும் உலோகம். மூடியைக் கழற்றும் முன் மெயினை அணைத்தால் மட்டும் போதாது, இன்வெர்ட்டரையும் அணையுங்கள். மெயின் போனதும் இன்வெர்ட்டர் அதே லைட், ஃபேன் வயரில் உடனே கரண்ட் விடும். டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கை.

மூடி ஸ்க்ரூ மெல்லிய மரை உள்ளது. முதல் இரண்டு சுற்று விரலால் போடுங்கள், கோணலாக ஏறினால் பெட்டியின் மரை போய்விடும். பிறகு கிளட்ச் 1. உள்ளே வயர் பிடிக்கும் டெர்மினல் ஸ்க்ரூக்களுக்குக் கைத் திருப்புளி மட்டும்.

மிக்ஸியின் அடி ஸ்க்ரூக்கள் ஆழமான குழிக்குள் இருக்கும். 25 மி.மீ. பிட் எட்டாது, மெஷினின் மூக்கு குழியில் நுழையாது. 100 மி.மீ. பி.எச்.2 பிட் ஒன்று வாங்குங்கள். திரும்பப் போடும்போது முதலில் இடப்பக்கமாகக் கையால் சுற்றுங்கள். பழைய மரையில் ஸ்க்ரூ ‘டக்’ என்று இறங்குவது தெரியும், அங்கிருந்து வலப்பக்கம் முடுக்குங்கள். நேரடியாக மெஷினால் விட்டால் பிளாஸ்டிக்கில் புது மரை வெட்டும், இரண்டு மூன்று தடவைக்குமேல் தாங்காது.

அம்மா கையாளுவதென்றால் நேர்க் குச்சி வடிவத்தைவிடத் துப்பாக்கிப் பிடி நல்லது, மணிக்கட்டு முறுகாது. முன், பின் சுவிட்சுக்கு நடுவில் பூட்டு நிலை இருக்கிறதா பாருங்கள். வைக்கும்போது அதில் வைத்தால் டிராயரில் தானாக ஓடாது.

பாறசாலை ஹார்டுவேர்

இன்னும் ஒன்று, பேட்டரி. இந்த வகை மெஷின் ஓடித் தேய்வதைவிடச் சும்மா கிடந்து சாவதே அதிகம். முழுக்கத் தீர்ந்த நிலையில் மாதக்கணக்கில் கிடந்தால் செல் மிகவும் கீழே இறங்கி, பிறகு சார்ஜரே ஏற்றுக்கொள்ளாது. முழு சார்ஜில் வெயில் படும் காரில் வைப்பதும் கெடுதல். பாதி சார்ஜில், அலமாரியின் நிழலில் வையுங்கள், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஏற்றுங்கள். பிட்டுகளைத் தையல் மெஷின் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, மூடியுள்ள டப்பாவில் போடுங்கள்.

இவற்றில் பெரும்பாலும் செல் உள்ளேயே இருக்கும், கழற்றி மாற்ற முடியாது. ஆகவே வாரண்டி பில்லும், நாகர்கோவிலிலோ திருவனந்தபுரத்திலோ சர்வீஸ் உண்டா என்பதும் முக்கியம். திருவனந்தபுரம் சாலை கடைத்தெருவில் வாங்கினாலும் மார்த்தாண்டத்தில் வாங்கினாலும் ஜி.எஸ்.டி. ஒன்றேதான். பில்லில் மெஷினின் சீரியல் எண்ணை எழுதி வாங்குங்கள்.