ஜார்ஜியாவின் 2021 தற்காப்பு முன்வரிசையைச் சாக் கணக்கை வைத்து மதிப்பிடலாமா?

கேள்வி

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் ஆடும் ஜார்ஜியா புல்டாக்ஸ் அணியின் 2021ஆம் ஆண்டு ஆட்டங்களை மறுபடியும் வரிசையாகப் பார்த்து வருகிறேன். வழக்கமான பருவத்தின் 12 ஆட்டங்களிலும் சேர்த்து 83 புள்ளிகளை மட்டுமே விட்டுக்கொடுத்த அணி அது. ஆனால் டிசம்பர் 4 அன்று நடந்த எஸ்இசி (இரு அணிகளும் ஆடும் தென்கிழக்குப் பிரிவு) இறுதியாட்டத்தில் அலபாமாவின் குவார்ட்டர்பேக் (பந்தை எறிபவர்) பிரைஸ் யங்கை அதன் தற்காப்பு முன்வரிசையால் ஒருமுறைகூடச் சாக் செய்ய, அதாவது பந்தை எறியுமுன் வீழ்த்த, முடியவில்லை. அதற்கு ஒரு வாரம் முன்புதான் இதே யங்கை ஆபர்ன் அணி 7 முறை வீழ்த்தியிருந்தது. அன்று யங் 421 யார்டுகள் எறிந்தார். அலபாமா 41-24 என்று வென்றது. பிறகு 2022 ஜனவரி 10 அன்று இண்டியானாபொலிஸில் நடந்த தேசிய இறுதியாட்டத்தில் ஜார்ஜியா அதே அணியை 33-18 என்று வென்றபோது யங் 4 முறை சாக் செய்யப்பட்டார்.

ஆட்களும் எதிரணியும் மாறாதபோது ஐந்து வாரங்களில் எது மாறியது? எல்லோரும் கொண்டாடும் ஜோர்டன் டேவிஸுக்கு அந்தப் பருவத்தில் சாக் இரண்டே இரண்டுதான் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்த முன்வரிசையின் புகழ் சற்று மிகைதானோ என்று தோன்றுகிறது.

முதல் பதில்

புகழ் மிகையன்று என்றே உறுதியாகச் சொல்வேன். டேவிஸ் நோஸ் டேக்கிளாக, அதாவது தற்காப்பு முன்வரிசையின் நடுவில், நின்றவர். பந்து ஸ்னாப் ஆனவுடன் (ஆட்டம் தொடங்கப் பந்து பின்னால் தரப்பட்டவுடன்) எதிரணி முன்வரிசையின் நடுவில் நிற்கும் சென்டரையும் அவருக்குப் பக்கத்திலுள்ள கார்டையும் தன்மேல் இழுத்துக்கொண்டு, நின்ற இடத்தைவிட்டு நகராமல் இருப்பதே அவருடைய முதல் வேலை. அந்த இருவரில் ஒருவர் விடுபட்டு இரண்டாம் நிலைக்குச் சென்றால் முன்வரிசைக்குப் பின்னால் அங்கு நிற்கும் லைன்பேக்கர் தடுக்கப்படுவார். இருவரும் டேவிஸிடமே சிக்கிக்கொண்டால், நகோபி டீன் போன்ற வேகமான லைன்பேக்கர் யாருடைய கையும் படாமல் பந்தோடு வருபவரிடம் போய்ச் சேருவார். அவரை வீழ்த்தியதற்கான டேக்கிள் டீனின் கணக்கில் ஏறும், டேவிஸின் பெயர் எந்தப் பட்டியலிலும் வராது. டீன் அவ்வாண்டு சிறந்த லைன்பேக்கருக்கான பட்கஸ் விருதைப் பெற்றதிலும், புள்ளிவிவரம் குறைவாக இருந்தும் டேவிஸுக்குச் சிறந்த உள்வரிசை ஆட்டக்காரருக்கான அவுட்லாண்ட் விருதும் சிறந்த தற்காப்பாளருக்கான பெட்னாரிக் விருதும் கிடைத்ததிலும் எனக்கு வியப்பில்லை.

சாக்கைவிட ஓட்டத் தற்காப்பைப் பாருங்கள். டிசம்பரில் அலபாமா 115 யார்டுகள் ஓடியது. ஜனவரியில் 30 யார்டுகள் மட்டுமே. கல்லூரி ஆட்டத்தில் சாக்கில் இழக்கும் யார்டுகளும் ஓட்டக் கணக்கிலிருந்தே கழிக்கப்படும் என்பதால் அந்த 30 சற்றுக் குறைத்தே காட்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்; ஆயினும் அன்று நடுவில் வழி கிடைக்கவில்லை என்பதை ஆட்டத்தைப் பார்த்த எவரும் மறுக்க முடியாது. ஓட்டம் நின்றுபோனால், பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் (டவுன்களில்) மூன்றாவதில் நீண்ட தூரம் மிஞ்சும். அப்போது பாஸ்தான் (பந்தை எறிதல்தான்) வரும் என்பது தற்காப்பாளர்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுவதால் அவர்கள் தயங்காமல் யங்கை நோக்கிப் பாயலாம். அலபாமாவின் 18 புள்ளிகளில் 12 புள்ளிகள் நான்கு ஃபீல்டு கோல்களால் (எல்லைவரை போக முடியாதபோது பந்தை உதைத்துப் பெறும் தலா 3 புள்ளிகளால்) வந்தவை என்பதும் இதோடு சேர்ந்ததே.

இரண்டாம் பதில்

மேலே சொன்ன விளக்கத்தில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் ஒன்றை விட்டுவிட்டீர்கள். டிசம்பர் ஆட்டத்தில் அலபாமாவின் ரிசீவர் (எறியும் பந்தைப் பிடிப்பவர்) ஜேம்சன் வில்லியம்ஸ் 184 யார்டுகளும் இரண்டு டச்டவுன்களும் (பந்தை எல்லைக்குள் கொண்டுசேர்த்தல்) எடுத்தார். ஜனவரியில் அவர் இரண்டாம் கால்பகுதியிலேயே முழங்காலில் காயப்பட்டு வெளியேறினார். இன்னொரு ரிசீவரான ஜான் மெட்சி அந்த டிசம்பர் ஆட்டத்திலேயே காயமடைந்துவிட்டார். முன்னணி ரிசீவர்கள் இருவரும் இல்லாதபோது யங் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆள் தேட வேண்டியதாயிற்று. அந்தக் கூடுதல் நொடிதான் முன்வரிசைக்குக் கிடைத்த வாய்ப்பு. ஆகவே அந்த 4 சாக்குகளின் புகழை முன்வரிசைக்கு மட்டும் எழுதிவிடுவது நியாயமன்று என்பதே என் கருத்து.

மேலும், பாஸ் எதிர்பார்க்கப்படும் டவுன்களில் டேவிஸ் பெரும்பாலும் வெளியே வந்துவிடுவார். டிசம்பரில் யங் அடிக்கடி பக்கவாட்டில் நகர்ந்து தப்பித்ததைப் பார்த்தபோது, முன்வரிசை நால்வரும் தத்தம் பாதையைவிட்டு ஒரே பக்கமாகச் சரிந்துகொண்டிருந்ததாகவே எனக்குப் பட்டது. அது ஆள்வலிமையின் குறை அன்று, ஒழுங்கின் குறை.

மூன்றாம் பதில்

டேவிஸைப் பற்றியே பேசி மற்றவர்களை மறந்துவிட வேண்டாம். ஜார்ஜியாவின் ஜேலன் கார்ட்டர் தேசிய இறுதியாட்டத்தின் மூன்றாம் கால்பகுதியில், அலபாமா 9-6 என்று முன்னிலையில் இருந்தபோது, 48 யார்டு ஃபீல்டு கோல் முயற்சியைக் கையை நீட்டித் தடுத்தார். அடுத்துப் பந்தைப் பெற்ற ஜார்ஜியாவுக்கு ஜேம்ஸ் குக் 67 யார்டுகள் ஓடினார். சமீர் வைட்டின் டச்டவுனோடு ஜார்ஜியா 13-9 என்று முந்தியது. ஆட்டம் திரும்பிய இடம் அதுதான் என்று நான் இன்றும் நம்புகிறேன். அதைச் செய்தவர் தற்காப்பு முன்வரிசையின் உள்ளே ஆடும் ஒரு டிஃபென்சிவ் டேக்கிள். சாக் கணக்கில் அதற்கு இடமே இல்லை.

அதே முன்வரிசையின் ட்ரேவான் வாக்கரையும் சொல்ல வேண்டும். அவருக்கு அந்தப் பருவத்தில் 6 சாக்குகள். மிச்சிகனின் ஏய்டன் ஹட்சின்சனுக்கு 14. ஆனாலும் தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் 2022 என்எஃப்எல் டிராஃப்டில் முதலாவதாக எடுக்கப்பட்டவர் வாக்கர், ஹட்சின்சன் இரண்டாவது. வாக்கர் ஓர் ஓரத்திலேயே நின்று விரட்டுபவராக இருக்கவில்லை. தேவைப்பட்டபோது உள்ளே நின்று கார்டுகளோடும் மோதினார். சுமார் 123 கிலோ எடையுள்ள ஒருவர் 40 யார்டுகளை 4.51 நொடிகளில் ஓடுவதை, அணிகள் சாக் எண்ணிக்கையைவிடப் பெரிதாக மதித்தன.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. ரிசீவர்களின் காயத்தை நான் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை என்பது உண்மை. டிசம்பர் ஆட்டத்தின் இரண்டாம் கால்பகுதியில் மட்டும் அலபாமா 24 புள்ளிகள் எடுத்ததால், அந்தப் பகுதியைப் பந்தைப் பாராமல் முன்வரிசை நால்வரின் கால்களை மட்டும் பார்த்து மறுபடியும் ஓட்டப் போகிறேன். அவர்கள் உண்மையிலேயே ஒரே பக்கமாகச் சரிந்தார்களா, அல்லது யங் பந்தை அதற்கு முன்பே விடுவித்துவிட்டாரா என்பதைப் பார்த்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.